செத்தவருக்கு வீடு எங்கே? அமெரிக்கத் துப்பறியும் நாவலும் செஸ்டர் ஹைம்ஸும்



இந்த உரையை எங்கள் வாசிப்பு வட்டத்தினர் சேர்ந்து எழுதினோம். மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் பேசுவது எல்லோரும்தான். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னபோது அமைப்பாளர்களில் சிலர் தயங்கினார்கள். தன்வரலாறு இருக்கிறது, வழக்காறுகள் இருக்கின்றன, பாபாசாகேபின் எழுத்து இருக்கிறது. கொலைக்கதை எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத் தோழரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறோம்.

அவருடைய சைக்கிள் கடையில், பஞ்சர் ஒட்டும் சாமான்களுக்குப் பக்கத்தில், ஒரு தகரப் பெட்டி இருந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். பெட்டி நிறைய அட்டை கிழிந்த பாக்கெட் நாவல்கள். காசு இருந்தால் வாடகை, இல்லாவிட்டால் சும்மா. காலனிப் பிள்ளைகள் பலர் தடங்கலில்லாமல் வாசிக்கப் பழகியது அந்தப் பெட்டியில்தான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கதையைச் சொல்லச் சொல்வார். கேட்டு முடித்ததும் இரண்டு கேள்வி கேட்பார். "செத்தவனுக்கு வீடு எங்கடா? துப்பறியிறவனுக்குச் சம்பளம் யார் குடுக்குறா?" கொலையாளி யார் என்று அவர் கேட்டதே இல்லை. பிற்காலத்தில் வன்கொடுமை வழக்குகளுக்காகக் காவல் நிலைய வாசல்களில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தபோதும் அவர் கையில் இருந்தவை அந்த இரண்டு கேள்விகள்தான். அவற்றை வைத்துக்கொண்டு, அவர் படித்திராத சில நாவல்களை நாங்கள் படித்துப் பார்த்தோம். படித்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் வகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். 1920களில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட துப்பறியும் கதைகளில் பெரும்பாலும் கொலை ஒரு பெரிய மாளிகையில் நடக்கும். விருந்தினர்கள் கூடியிருப்பார்கள். வெளியிலிருந்து ஒரு புத்திசாலி வந்து, எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார். மற்றவர்கள் மீண்டும் தேநீர் குடிப்பார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் மலிவுப் பத்திரிகைகளில் வேறு ஒரு கதை உருவானது. அங்கே துப்பறிகிறவன் கூலிக்கு வேலை செய்பவன். அடி கொடுப்பான், அடி வாங்குவான். அவன் நுழைகிற நகரத்தில் மேயர், நீதிபதி, போலீஸ், முதலாளி எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள். ஒரு கொலைகாரனைப் பிடித்துவிட்டால் நகரம் சுத்தமாகிவிடாது. இந்த வகைக்கு 'ஹார்ட்பாயில்டு' என்று பெயர். நன்றாக வெந்து இறுகிப்போன முட்டையிலிருந்து வந்த சொல். எதற்கும் இளகாத மனிதனை அது குறிக்கும்.

இந்த எழுத்தை வளர்த்த முக்கியமான பத்திரிகை, 1920இல் தொடங்கப்பட்ட 'பிளாக் மாஸ்க்'. அதன் 1923 ஜூன் 1 இதழ் கு க்ளக்ஸ் கிளான் சிறப்பிதழ். கறுப்பின மக்களைக் கட்டிவைத்து அடித்த, எரித்த, தூக்கிலிட்ட அமைப்பு அது. அதை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதலாம் என்று பத்திரிகை இடம் கொடுத்தது. கேரல் ஜான் டேலி எழுதிய, ரேஸ் வில்லியம்ஸ் என்ற துப்பறிவாளன் முதன்முதலில் தோன்றும் கதை அந்த இதழில்தான் வந்தது. கதை கிளானுக்கு எதிரானது. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு கொலைகார அமைப்பைப் பட்டிமன்றத் தலைப்பாக வைத்த இதழில் இந்த வகையின் முதல் நாயகர்களில் ஒருவன் பிறந்தான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டிமன்றத்தில் செத்தவர்களின் வீட்டிலிருந்து பேச யாரையும் அழைக்கவில்லை.

இந்த எழுத்தை இலக்கியமாக்கியவர் டாஷியல் ஹேமட். 1894இல் பிறந்தவர். எழுத்தாளராவதற்கு முன் பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். பிங்கர்ட்டன் என்றால் அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு வேறு அர்த்தம். 1892இல் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் கதவடைப்பு நடந்தபோது தொழிலாளர்களுக்கு எதிராக இறக்கப்பட்ட கூலிப்படை அது. சங்கங்களுக்குள் உளவாளிகளை அனுப்புவதும் அதன் தொழில். 1917இல் மோன்டானா மாநிலத்தின் பியூட் நகரில், செம்புச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது, ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரை இரவில் இழுத்துச்சென்று தூக்கிலிட்டார்கள். அவரைக் கொல்லத் தனக்கு 5,000 டாலர் தருவதாகப் பேரம் பேசினார்கள் என்று ஹேமட் சொன்னதாக லில்லியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார்.

ஹேமட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' 1929இல் நூலாக வந்தது. கதை நடக்கும் ஊர் ஒரு சுரங்க நகரம். அதன் முதலாளி வேலைநிறுத்தத்தை உடைக்க வெளியூர் அடியாட்களைக் கொண்டுவந்தான். சங்கம் நொறுங்கியது. அடியாட்கள் திரும்பிப் போகவில்லை, நகரத்தையே எடுத்துக்கொண்டார்கள். அவர்களைத் துரத்தத்தான் துப்பறிவாளன் வருகிறான். முதலாளித்துவத்தின் வன்முறையை இவ்வளவு நேராகச் சொன்ன வெகுசன நாவல் அதற்கு முன் அரிது. ஆனால் தோழரின் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். துப்பறிகிறவனுக்குப் பணம் கொடுப்பவன் அதே முதலாளி. செத்த சுரங்கத் தொழிலாளிகளின் வீடுகள் நாவலில் இல்லை. கதை தொடங்குவதற்கு முன்பே அவர்கள் தோற்றுவிட்டார்கள், அதற்குப் பிறகு கதைக்குள் அவர்களுக்கு வேலையில்லை. ஹேமட் மனசாட்சி உள்ளவர். சிவில் உரிமைப் போராட்டத்தினருக்கான பிணைநிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்ல மறுத்து 1951இல் சிறை சென்றவர். ஆகவே தனிமனிதரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர் கையிலெடுத்த வடிவம் எதைப் பார்க்க விடுகிறது, எதைப் பார்க்க விடவில்லை என்பதைச் சொல்கிறோம்.

அடுத்து ரேமண்ட் சாண்ட்லர். இவர் 1944இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த வகைக்கான கொள்கை அறிக்கை போலவே படிக்கப்படுகிறது. கொலையை அலங்கார மாளிகையிலிருந்து எடுத்துத் தெருவில் போட்டவர் ஹேமட் என்று அதில் வாதாடுகிறார். கேவலமான தெருக்களில் நடந்தாலும் கேவலமாகாத ஒரு மனிதனே நாயகன் என்கிறார். நல்லது. அந்தத் தெரு எது, அங்கே யார் வாழ்கிறார்கள் என்று நாம் கேட்கலாம் அல்லவா? அவருடைய 1940ஆம் ஆண்டு நாவல் 'ஃபேர்வெல், மை லவ்லி' அதற்கு வசதியான உதாரணம்.

நாவல் லாஸ் ஏஞ்சல்ஸின் சென்ட்ரல் அவென்யூவில் தொடங்குகிறது. கறுப்பின மக்கள் வாழும் பகுதி. சிறையிலிருந்து வெளிவந்த மூஸ் மல்லாய் என்ற ராட்சத வெள்ளையன், தன் பழைய காதலியைத் தேடி ஒரு மதுக்கடைக்குள் நுழைகிறான். அவன் உள்ளே இருந்த காலத்தில் கடை கறுப்பினத்தவரின் கடையாகிவிட்டது. ஒருவரைத் தூக்கித் தெருவில் எறிகிறான், காவலாளை அடித்து நொறுக்குகிறான், கடை மேலாளரைக் கொல்கிறான். துப்பறிவாளன் மார்லோ எல்லாவற்றுக்கும் சாட்சி. வழக்கு நல்ட்டி என்ற போலீஸ்காரரிடம் வருகிறது. கறுப்பன் செத்த வழக்கு, பத்திரிகையில் படமும் வராது, இடமும் வராது என்று அவர் சலித்துக்கொள்கிறார்.

சாண்ட்லர் இதைத் தெரிந்தேதான் எழுதுகிறார். நல்ட்டியின் அலட்சியத்தை அவர் கேலி செய்கிறார். இங்கேதான் விமர்சகர்கள் பலர் அவரைப் பாராட்டிவிட்டு நகர்கிறார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு மாணவி நகர மறுத்தார். பக்கங்களைப் பின்னும் முன்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்த மேலாளர் அப்புறம் எங்கே?" எங்கேயும் இல்லை. நாவல் ஒரு ஜேட் கல் மாலைக்கும், ஒரு கோடீஸ்வரனின் மனைவிக்கும், சூதாட்டக் கப்பலுக்கும் போய்விடுகிறது. செத்தவருக்கு மனைவி உண்டா, பிள்ளை உண்டா, எங்கே அடக்கம் செய்தார்கள், யாரும் கேட்பதில்லை. மார்லோ தேடுவது கொலைகாரனின் காதலியை. நல்ட்டி வழக்கை ஓரமாக வைத்தார் என்று கேலி செய்த நாவல், தானும் அதே வழக்கை ஓரமாக வைத்துவிட்டது. ஒரு கறுப்பினத்தவரின் சாவு, கதைக்குக் கதவு திறக்கும் சாவியாக மட்டும் பயன்பட்டது. கதவு திறந்ததும் சாவியை எறிந்துவிட்டார்கள்.

மாணவத் தோழர்களே, ஒரு நாவலின் மனசாட்சியை அதன் வசனத்தில் தேடினால் ஏமாந்துவிடுவோம். எந்தச் சாவுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விமர்சனத்துக்கு இது எளிய, நம்பகமான அளவுகோல்.

இப்போது நாம் முக்கியமாகப் பேசவேண்டியவரிடம் வருவோம். செஸ்டர் ஹைம்ஸ் 1909இல் மிசூரி மாநிலத்தின் ஜெஃபர்சன் சிட்டியில் பிறந்தார். பெற்றோர் இருவரும் படித்தவர்கள். சிறுவயதில், வேதியியல் செய்முறை ஒன்றில் வெடிப்பு ஏற்பட்டு அண்ணன் ஜோசஃபின் கண்கள் பாதிக்கப்பட்டன. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளையர் மருத்துவமனை சேர்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் பார்வையிழந்தார். அந்த மருத்துவமனை வாசலை ஹைம்ஸ் கடைசிவரை மறக்கவில்லை. 1928இல் ஆயுதக் கொள்ளைக்காகக் கைதானார். 20 முதல் 25 ஆண்டுகள் கடுங்காவல். 19 வயது. ஓஹியோ சிறையில்தான் எழுதத் தொடங்கினார். 1930இல் அந்தச் சிறையில் பிடித்த தீயில் 300க்கும் மேற்பட்ட கைதிகள் இறந்தார்கள். பலர் பூட்டிய அறைகளுக்குள்ளேயே இறந்தார்கள். அதை வைத்து அவர் எழுதிய கதை 1934இல் 'எஸ்கொயர்' இதழில் வந்தது. 1936இல் வெளியே வந்தார்.

ஹேமட் துப்பறியும் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலிருந்து இந்த வடிவத்துக்கு வந்தார். ஹைம்ஸ் கைதியாக வந்தார். சிறைக்கம்பிக்கு எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பது எழுத்தை மாற்றும்.

முதலில் அவர் துப்பறியும் கதை எழுதவில்லை. 1945இல் வந்த 'இஃப் ஹி ஹாலர்ஸ் லெட் ஹிம் கோ', போர்க்காலக் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு கறுப்பினத் தொழிலாளி நான்கே நாட்களில் நிறவெறியால் சிதைவதைச் சொல்லும் நாவல். அடுத்த நாவலை வலதும் திட்டியது, இடதும் திட்டியது. 1953இல் ஐரோப்பாவுக்குப் போனார். பாரிசில் காசில்லாமல் இருந்தபோது, காலிமார் பதிப்பகத்தின் 'செரி நுவார்' என்ற குற்றப்புனைவு வரிசையை நடத்திய மார்செல் துஹாமெல், துப்பறியும் நாவல் எழுதச் சொன்னார். பணத்துக்காகத்தான் எழுதினேன் என்று ஹைம்ஸ் மறைக்கவில்லை. 1957இல் வந்த முதல் ஹார்லெம் நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு 1958இல் பிரான்சின் குற்றப்புனைவுப் பரிசு கிடைத்தது. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெம், கடல்கடந்து ஒரு பாரிஸ் அறையில் எழுதப்பட்டது.

சவப்பெட்டி எட் ஜான்சன், குழிவெட்டி ஜோன்ஸ் என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய இரண்டு கறுப்பினப் போலீஸ் துப்பறிவாளர்கள் இந்த நாவல்களில் வருகிறார்கள். பெயரே சாவுத் தொழில். இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது வெள்ளையரின் போலீஸ் துறை. தங்கள் மக்களைத் தங்கள் கையாலேயே அடிக்கிறார்கள். இது நமக்குக் கசக்கும். கசக்கவேண்டும் என்றுதான் அவர் எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பையன் ஒருவன் காக்கி போட்டுக்கொண்டு காலனிக்குள் வரும்போது என்ன நடக்கும் என்பதை நாம் பார்த்ததில்லையா? தலையைக் குனிவானா, லத்தியை ஓங்குவானா, இரண்டையும் செய்வானா? ஹைம்ஸ் இதற்குச் சுலபமான பதில் தரவில்லை.

ஆனால் ஹைம்ஸின் ஹார்லெமில் எல்லோருக்கும் வீடு இருக்கிறது, தொழில் இருக்கிறது, ஏமாற்று இருக்கிறது. பத்து டாலர் நோட்டை நூறு டாலர் நோட்டாக்கித் தருகிறேன் என்பவனிடம் ஏமாறும் ஜாக்சன், சவ அடக்கக் கடையில் வேலை செய்பவன். அவனுடைய இரட்டைச் சகோதரன் கன்னியாஸ்திரி வேடத்தில் சொர்க்கத்துக்கு டிக்கெட் விற்கிறான். சிரித்துக்கொண்டே படிக்கிறோம். பாதியில் சிரிப்பு நின்றுவிடுகிறது, ஏனென்றால் ஏமாந்தவனுக்கு இழக்க இருந்ததே அவ்வளவுதான்.

'காட்டன் கம்ஸ் டு ஹார்லெம்' நாவலில் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பலாம் என்று ஒரு போலிப் பாதிரி ஆசை காட்டுகிறான். 87 குடும்பங்கள் தலா 1,000 டாலர் கட்டுகின்றன. 87,000 டாலரும் கொள்ளைபோய் ஒரு பருத்தி மூட்டைக்குள் மறைகிறது. எந்தப் பருத்திக் காட்டில் அடிமைகளாகக் கிடந்தார்களோ அந்தப் பருத்திக்குள்! இன்னொரு பக்கம் ஒரு தென்மாநில வெள்ளைக் கர்னல், தெற்கே பருத்தி எடுக்கத் திரும்பி வாருங்கள் என்று கடை திறக்கிறான். முடிவில் துப்பறிவாளர்கள் இருவரும் அந்தக் கர்னலைப் பிடித்து, 87,000 டாலரைக் கறந்துகொண்டு, அவனை ஓடவிடுகிறார்கள். பணம் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்கிறது. சட்டப்படி இது குற்றம். சட்டப்படி போயிருந்தால் கர்னலும் தண்டனை பெற்றிருக்க மாட்டான், பணமும் வந்திருக்காது. கொலையாளியைச் சுட்டிக்காட்டுவதோடு முடிகிற கதை இங்கே, பறித்ததைத் திருப்பித் தருவது வரை போகிறது. துப்பறியும் நாவலில் நிவாரணம் என்ற சொல்லுக்கு இடம் கொடுத்தவர் ஹைம்ஸ்.

'தி ரியல் கூல் கில்லர்ஸ்' நாவலில் செத்தவன் ஒரு வெள்ளையன். மற்ற நாவல்களில் எங்கேயும் காணாத வேகத்தில் போலீஸ் படை ஹார்லெமை வளைக்கிறது. விசாரிக்க விசாரிக்க, அவன் ஏழைக் கறுப்பினச் சிறுமிகளைக் காசு கொடுத்துக் கூட்டிப்போய்ச் சாட்டையால் அடித்தவன் என்று தெரிகிறது. சுட்டது ஒரு சிறுமி. குழிவெட்டி ஜோன்ஸ் உண்மையைக் கண்டுபிடிக்கிறார், அதைக் கோப்பில் எழுத மறுக்கிறார். சாண்ட்லரில் கறுப்பினத்தவர் சாவு மறக்கப்பட்டது. இங்கே ஒரு சிறுமி உயிரோடிருப்பதற்காக உண்மை மறைக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

குறையையும் சொல்லவேண்டும். எங்கள் வட்டத்தின் பெண் தோழர்கள் ஹைம்ஸை எளிதில் விடவில்லை. அவருடைய நாவல்களில் பெண்கள் பெரும்பாலும் உடலாகவே நுழைகிறார்கள். அடிபடுகிறார்கள், அந்த அடி பலசமயம் வேடிக்கையாகச் சொல்லப்படுகிறது. நிறவெறிக்கு எதிரான கோபம் ஆணின் கோபமாகச் சுருங்கும்போது அதன் செலவைப் பெண்ணே கட்டுகிறாள். தலித் இலக்கியத்துக்குள்ளும் இந்தக் கணக்கு தீராமல் இருக்கிறது என்பதைத் தோழர்கள் மறக்கவேண்டாம்.

ஹைம்ஸின் கடைசிப் பயணம் எங்களை உலுக்கியது. 1969இல் வந்த 'பிளைண்ட் மேன் வித் எ பிஸ்டல்' நாவலில் துப்பறிவாளர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கொலைகள் நடக்கின்றன, விசாரணை வெள்ளை அதிகாரிகளுக்குச் சங்கடம் தரும் இடத்துக்கு நெருங்கும்போது மேலிருந்து தடை வருகிறது. ஊர்வலங்கள் மோதுகின்றன. கலவரத்துக்குக் காரணம் யார் என்று கேட்கிறார்கள். கைகாட்ட ஒரு ஆள் கிடைப்பதில்லை. இரண்டு துப்பறிவாளர்களும் இடிக்கப்படும் கட்டடங்களின் முன் நின்று, ஓடிவரும் எலிகளைச் சுடுகிறார்கள். முடிவில், பார்வையில்லாத ஒருவர், பார்வை உள்ளவர் போலக் காட்டிக்கொண்டு, சுரங்க ரயிலில் துப்பாக்கியால் கண்டபடி சுடுகிறார். நாவல் முடிகிறது, வழக்கு முடியவில்லை. இதைத் தோல்வியடைந்த நாவல் என்று சொன்னவர்கள் உண்டு. எங்கள் பார்வையில், ஒரு வடிவத்தை அதன் எல்லைவரை நேர்மையாக நடத்திச்சென்ற நாவல் இது. குற்றம் செய்தது ஒரு தனி ஆள் என்றால் துப்பறிவாளன் போதும். ஓர் அமைப்பே குற்றம் செய்யும்போது அந்த அமைப்பின் சம்பளத்தில் இருப்பவன் என்ன செய்வான்? எலி சுடுவான்.

1990இல் வால்டர் மோஸ்லி 'டெவில் இன் எ ப்ளூ டிரெஸ்' எழுதினார். 1948ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ். அதே போன்ற கறுப்பின மதுக்கடை, உள்ளே நுழையும் ஒரு வெள்ளையன். ஆனால் இம்முறை கதை சொல்பவர் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் கறுப்பினத் தொழிலாளி ஈஸி ராலின்ஸ். வேலை போய்விட்டது, வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டவேண்டும், அதற்காகத் தேடும் வேலையை ஒப்புக்கொள்கிறார். சாண்ட்லர் கேட்காத கேள்விக்கு ஐம்பது ஆண்டு கழித்து வந்த பதில் அது. அங்கே ஒரு வீடு இருந்தது.

தோழர்களே, இது அமெரிக்கக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். 1946இல் பாபாசாகேப் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1966இல் ஓக்லாந்தில் பிளாக் பாந்தர்கள் எழுந்தார்கள், 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் எழுந்தார்கள். அவர்களுடைய எழுத்தை வாசிப்பது நமக்குப் பழைய உறவு.

நம் வழக்குகளில் கொலையாளி யார் என்பது மர்மமாக இருப்பது அரிது. ஊருக்கே தெரியும். மர்மம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பெயர் விடுபட்டது, எந்தச் சாட்சி ஏன் பிறழ்ந்தார், எந்தப் பிரிவு ஏன் சேர்க்கப்படவில்லை. 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. பெரும் நிலமும் செல்வமும் கொண்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற தொனியில் தீர்ப்பு பேசியது. இங்கிலாந்தின் மாளிகைக் கதையில்கூட முதலாளி சந்தேகப் பட்டியலில் இருப்பார். நம் நீதிமன்றத்தில் அவர் அந்தப் பட்டியலுக்கே வரவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 1995 விதிகளில் 7ஆம் விதி, துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்யவேண்டும் என்கிறது. சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியருக்குத் தண்டனை என்கிறது. துப்பறிகிறவரையே சந்தேகிக்க வேண்டியிருக்கலாம் என்று தெரிந்து எழுதிய சட்டம் அது. ஹைம்ஸ் நாவலில் சொன்னதை, நம் மக்கள் சாவுகளைக் கொடுத்துச் சட்டத்தில் எழுதவைத்தார்கள். 7ஆம் விதி எத்தனை வழக்குகளில் சரியாக நடக்கிறது என்று தேடும் வேலை இங்கே இருக்கும் மாணவர்களுடையது. அதற்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள். அதனாலேயே அது நம்பத்தகுந்த துப்பறிதலாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. தோழரின் தகரப் பெட்டி இப்போது எங்கள் வாசிப்பு வட்டத்தில் இருக்கிறது. அடியில், நாவல்களுக்குக் கீழே, முதல் தகவல் அறிக்கை நகல்கள் சில இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் இறந்தவரின் தெருப்பெயர், பிள்ளைகளின் வயது, எந்தப் பள்ளி என்று எழுதிவைத்திருக்கிறார். அறிக்கையில் அதற்கு இடமில்லை, அதனால் ஓரத்தில் எழுதினார். நமக்கான துப்பறியும் இலக்கியம் எழுதப்படும்போது அந்த ஓரத்திலிருந்து தொடங்கட்டும்.

 ஜெய்பீம்.